மதுக்கடையும் நம் பில் புத்தகமும்



சென்னையில் வெள்ளைக்காரத் துரைமார்கள் கூடிக் குடிக்க 1832-லேயே மெட்ராஸ் கிளப் இருந்தது. ஏழைகளுக்குக் கள்ளுக்கடையும் சாராயக்கடையும். கடைகளை ஏலம் விட்டு அரசு பெரும் வருமானம் பார்த்தது. தலைநகரின் குடி வரலாற்றுக்கும் பல்லடத்து மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம்? நம் பில் புத்தகம்தான் சம்பந்தம்.

1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி போட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல். 1948-ல் சென்னை நகரம் உட்பட மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

1971-ல் கடைகள் திறந்தன, 1974-க்குள் மூடின, 1981-ல் மீண்டும் திறந்தன. 2003-ல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. மது வருமானம் திரும்பி வந்தது. விற்பனை வரி திரும்பிப் போகவில்லை. 2007-ல் வாட், 2017-ல் ஜி.எஸ்.டி. என்று பெயர்தான் மாறியது. மதுவோ ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கிறது.

மதுவிலக்கை நாம் எதிர்க்கவில்லை. சனிக்கிழமை வாங்கிய தறிக்கூலி மதுக்கடைக்குப் போனால், நம் கடைப் பற்று வரவாகாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் மதுவிலக்குப் பேச்சு எழும்போதெல்லாம், "ஈடு எங்கிருந்து?" என்று சங்கத்தின் மூலம் முதலிலேயே கேட்போம். ஒருமுறை வந்த வரி போவதில்லை; கணக்கைச் சுத்தமாக வைத்திருப்போம்.