நடித்துப் பழகினால் பேச்சு வரும்

கோலார் தங்க வயலில் 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர்கள் வேலைக்கு வந்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பலர் பெங்களூரில் வேலை தேடினார்கள். இன்றும் பலர் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காரப்பேட்டை வழியாகத் தினமும் போய் வருகிறார்கள்.

பெங்களூரில் சில வேலைகளுக்கு ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள். வயல் மக்களுக்கு ஆங்கிலச் சொற்கள் புதியவை அல்ல. ஷிப்ட், டியூட்டி, லைன் எல்லாம் தாத்தா காலத்துச் சொற்கள். சொல் தெரியும். ஆனால் எதிரே ஒருவர் கேட்டால் நாக்கு எழாது. சம்பளம் எவ்வளவு என்று கேட்கவும் கூச்சம் வரும். கேட்காமல் வேலையில் சேர்ந்தால் நஷ்டம் யாருக்கு?

இதற்கு ஒரு வழி உண்டு. அதுதான் நடித்துப் பழகுவது.

சுரங்க மீட்புப் படையினர் விபத்து நடக்கும்வரை காத்திருப்பதில்லை. முன்பே புகை நிறைந்த இடத்தில் பயிற்சி எடுப்பார்கள். அதனால் ஆபத்து வரும்போது கை நடுங்காது. பேச்சும் அப்படித்தான்.

வீட்டில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போடுங்கள். அக்கா அதிகாரி ஆகட்டும். தங்கை வேலை கேட்டு வரட்டும்.

அக்கா: வேர் ஆர் யூ ஃப்ரம்? (நீங்கள் எந்த ஊர்?)

தங்கை: ஐ ஆம் ஃப்ரம் கே.ஜி.எஃப். (நான் கே.ஜி.எஃப்.)

அக்கா: வாட் ஒர்க் டு யூ நோ? (என்ன வேலை தெரியும்?)

தங்கை: ப்ளீஸ் சே இட் அகெய்ன். (தயவுசெய்து மறுபடி சொல்லுங்கள்.)

அக்கா: வாட் ஒர்க் டு யூ நோ?

தங்கை: ஐ நோ டெய்லரிங். வாட் இஸ் த பே? (தையல் தெரியும். சம்பளம் எவ்வளவு?)

புரியாவிட்டால் மறுபடி கேட்பது தவறல்ல. புரியாமல் தலையாட்டுவதுதான் தவறு.

நடிக்கும்போது நான்கு விஷயங்களை நினைவில் வையுங்கள்.

1. பேசும்போது நடுவில் திருத்தாதீர்கள். முடிந்த பிறகு ஒன்றிரண்டு பிழைகளை மட்டும் சொல்லுங்கள்.

2. இடம் மாறி நடியுங்கள். தங்கை அதிகாரி ஆகட்டும்.

3. மூன்றாம் முறை கேள்வியை மாற்றுங்கள். உண்மையான அதிகாரி நீங்கள் மனப்பாடம் செய்த கேள்வியையே கேட்க மாட்டார்.

4. யாரும் சிரித்துக் கேலி செய்யக் கூடாது. கேலி செய்தால் கூச்சம் கூடும்.

வேலைக்கு மட்டும் அல்ல. ஆஸ்பத்திரி, வங்கி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இப்படிப் பழகலாம்.

விடை சொல்லுங்கள்

1. மீட்புப் படையினர் ஏன் முன்பே பயிற்சி எடுக்கிறார்கள்?

2. கேள்வி புரியாவிட்டால் ஆங்கிலத்தில் என்ன சொல்ல வேண்டும்?

செய்து பாருங்கள்

ஒருவர் டாக்டர். ஒருவர் காய்ச்சலோடு வந்தவர். இருவரும் பேசி நடியுங்கள்.