லிஸ்ட் இல்லாத தேடல்: ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேம் சொல்லித் தர்ற பாடமும் தராத பாடமும்

பாழடைஞ்ச ஒரு மாளிகை. மேசை மேல, தரையில, பரண்ல, எங்க பார்த்தாலும் சாமான். திரையோட அடியில ஒரு லிஸ்ட்: குடை, சாவி, பல்லி, வயலின், கிழிஞ்ச வரைபடம், மூணு பட்டாம்பூச்சி. ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு க்ளிக் பண்ணணும். ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேம்னா அடிப்படையில இவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது, ரேங்க் கிடையாது, ஹெட்செட்ல கத்துற டீம்மேட் கிடையாது. அதனாலயே ஹாஸ்டல்ல யாராவது இதை ஆடினா, "ஆன்ட்டி கேம் ஆடுறான்டா"ன்னு ஓட்டுவாங்க.

ஓட்டட்டும். கண் எப்படித் தேடுது, கிராஃப் எப்படி வேலை செய்யுது, லீனியர் அல்ஜீப்ரா எதுக்குன்னு மூணு பாடம் இந்த கேமுக்குள்ள இருக்கு. அதை விட முக்கியம், வேலைக்குப் போனதும் நாம தினமும் செய்யப்போற ஒரு காரியத்துல பாதி இதுல இருக்கு. இன்னொரு பாதி இல்லவே இல்ல. அந்த இன்னொரு பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சின்ன வரலாறு

படத்துக்குள்ள தேடுறது நமக்குப் புதுசில்ல. வாரப் பத்திரிகையில 'ஆறு வித்தியாசம்' பார்த்து வளர்ந்தவங்கதான் நம்ம வீட்டுப் பெரியவங்க. இங்கிலாந்துல 1987-ல மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் 'வேர்ஸ் வாலி?' புத்தகத்தைக் கொண்டு வந்தார். ஒரே பக்கத்துல ஒரு பெரிய கூட்டம், அதுக்குள்ள சிவப்பு வெள்ளைப் பட்டை சட்டை போட்ட ஒரே ஒரு ஆள். 1992-ல அமெரிக்காவுல 'ஐ ஸ்பை' வந்தது. வால்டர் விக் எடுத்த போட்டோ முழுக்கப் பொருள்கள், எதைத் தேடணும்னு ஜீன் மார்சோலோ எழுதின வரிகள். இன்னைக்கு கேம்ல வர்ற படமும் லிஸ்ட்டும் இதோட நேர் வாரிசு.

1993-ல வந்த 'மிஸ்ட்', அவசரமே இல்லாம நடந்து, பார்த்து, யோசிச்சு ஆடுற கேம்களுக்கு ஒரு பெரிய கூட்டம் இருக்குன்னு காட்டுச்சு. 2005-ல சியாட்டிலைச் சேர்ந்த பிக் ஃபிஷ் கேம்ஸ் 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' வெளியிட்ட பிறகு இந்த வகை கம்ப்யூட்டர்ல சூடு பிடிச்சது. அப்புறம் கதை, பையில சேர்க்கிற பொருள்கள், பூட்டுகள், மினி கேம் எல்லாம் சேர்ந்து பஸில் அட்வென்ச்சரா வளர்ந்தது. போலந்துல இருக்கிற ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டியோட 'எனிக்மாட்டிஸ்' இதுக்கு நல்ல உதாரணம்.

பாடம் 1: கண்ணு கேமரா இல்ல

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்க. நம்ம கண்ணு ரொம்பத் தெளிவாப் பார்க்கிறது ஏறக்குறைய அந்த விரல் அகலத்துக்குத்தான். மத்ததெல்லாம் மங்கல். அதனால கண்ணு ஒரு செகண்டுக்கு மூணு நாலு தடவை தாவிக்கிட்டே இருக்கும். 'முழுப் படத்தையும் பார்த்துட்டேன்'ங்கிறது மூளை நமக்குச் சொல்ற ஆறுதல்.

1980-ல ஆன் டிரீஸ்மனும் கேரி ஜெலேடும் ஒரு விஷயத்தைக் காட்டினாங்க. பச்சைப் புள்ளிகளுக்கு நடுவுல ஒரு சிவப்புப் புள்ளி இருந்தா, பச்சை பத்தோ நூறோ, சிவப்பு உடனே துள்ளி வெளிய தெரியும். ஆனா தேட வேண்டியது ரெண்டு குணம் சேர்ந்த ஒண்ணா இருந்தா கதை வேற. உதாரணமா சிவப்பாவும் இருக்கணும், நிமிர்ந்தும் இருக்கணும்; சுத்தி சிவப்புப் படுத்த கோடும் பச்சை நிமிர்ந்த கோடும் கலந்து கிடக்கு. அப்போ பொருள் கூடக்கூடத் தேடுற நேரமும் கூடும்.

கேம் வரையற ஆர்ட்டிஸ்ட்டுக்கு இது அத்துப்படி. மர மாடிப்படி மேல மர நிற வயலின். வெள்ளைத் திரைச்சீலை மேல வெள்ளை இறகு. வாலியோட சட்டை அவ்வளவு பளிச்னு இருந்தும் அவரு சிக்காததுக்குக் காரணம், சுத்தியும் சிவப்பு வெள்ளைப் பட்டைகளைத் தூவி விட்டிருப்பாங்க. அதனால:

- நிறத்தை நம்பாதீங்க, ஓரக்கோட்டைத் தேடுங்க. வயலினோட இடுப்பு வளைவை எந்த நிறத்தாலயும் முழுசா மறைக்க முடியாது.
- அளவை நம்பாதீங்க. நாற்காலி அலமாரியில விரல் அளவுல இருக்கலாம், எறும்பு சுவர் அளவுல இருக்கலாம்.
- வார்த்தையைச் சந்தேகப்படுங்க. லிஸ்ட் இங்கிலீஷ்ல இருக்கும். 'பேட்'னா மட்டையா, வௌவாலா? 'நெயில்'னா ஆணியா, நகமா? 'சீல்'னா முத்திரையா, கடல்நாயா?
- ஒவ்வொரு பொருளுக்கும் படம் முழுக்கச் சுத்தாதீங்க. லிஸ்ட்டை முழுசா மனசுல ஏத்திக்கிட்டு, படத்தை ஒன்பது கட்டமாப் பிரிச்சு, கட்டம் கட்டமா ஒரே சுத்து வாங்க.

கடைசி டிப்ஸுக்கு ஒரு காரணம் இருக்கு. ஜெரெமி வுல்ஃப் 2012-ல வெளியிட்ட ஆய்வுல, படத்துல பொருள் கூடினா தேடுற நேரம் நேர்விகிதத்துல கூடுது. மனசுல இருக்கிற லிஸ்ட் நீண்டா லாகரிதம் அளவுலதான் கூடுது. அதாவது மனப்பாட லிஸ்ட் மலிவு, படத்தைச் சுத்துறதுதான் செலவு. அல்காரிதம் பேப்பர் எழுதினவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

பாடம் 2: கதவைத் தள்ளாதீங்க, கிராஃப் போடுங்க

பஸில் அட்வென்ச்சர்ல மாட்டிக்கிட்டா நாம செய்யுறது என்ன? பையில இருக்கிற எல்லாத்தையும் எல்லா இடத்துலயும் தேய்க்கிறது. 10 பொருள், 20 இடம்னா 200 தேய்ப்பு.

இந்த கேமை உருவாக்குறவங்க அப்படி யோசிக்கிறதில்ல. 'மேனியாக் மேன்ஷன்' (1987), 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' (1990) கேம்களை உருவாக்கின ரான் கில்பர்ட், எந்தப் புதிர் எதை நம்பி இருக்குன்னு ஒரு வரைபடமாப் போடுற முறையைப் பத்தி எழுதியிருக்கார். முடிவுல ஆரம்பிச்சுப் பின்னாடி வரணும். கதவு திறக்கணும்னா சாவி வேணும். சாவி கிணத்துல இருக்கு. கிணத்துக்குக் கயிறு வேணும். நம்ம பாஷையில சொன்னா, சுழற்சி இல்லாத திசைக் கிராஃப். எல்லாம் ஒரே நேர்கோடா இருந்தா ஒரு இடத்துல மாட்டினா மொத்தமும் நின்னுடும். அதனால நல்ல டிசைனர் கிளைகள் விடுவார். மங்கி ஐலண்ட் முதல் பகுதியில மூணு சோதனைகளை எந்த வரிசையிலயும் முடிக்கலாம்.

ஆடும்போது ஒரு தாள்ல ரெண்டு பத்தி போடுங்க. இடப்பக்கம் இன்னும் திறக்காத பூட்டுகள், வலப்பக்கம் இன்னும் பயன்படாத பொருள்கள். பூட்டுல இருந்து பின்னாடி யோசிங்க. மாட்டிக்கிட்டா அந்தக் கிளையை விட்டுட்டு அடுத்த கிளைக்குப் போங்க.

பாடம் 3: மினி கேமுக்குள்ள மேட்ரிக்ஸ்

25 விளக்கு, 5 வரிசை 5 நெடுவரிசை. ஒண்ணை அமுக்கினா அதுவும் பக்கத்துல இருக்கிற விளக்குகளும் நிலை மாறும். எல்லாத்தையும் அணைக்கணும். 1995-ல 'லைட்ஸ் அவுட்'ங்கிற கைப்பொம்மையா வந்த இந்தப் புதிர், இந்த வகை கேம்கள்ல ஏதோ ஒரு வேஷத்துல வந்துக்கிட்டே இருக்கும். ரெண்டு உண்மையைக் கவனிச்சாப் போதும். ஒரே பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா அமுக்காத மாதிரி. எந்த வரிசையில அமுக்கினாலும் விடை ஒண்ணுதான். அப்போ ஒவ்வொரு பட்டனும் 0 இல்ல 1. 25 மாறி, 25 சமன்பாடு, கூட்டல் ரெண்டின் மீதியில. காஸியன் எலிமினேஷன் பண்ணா முடிஞ்சது. கையால ஆடுறவங்க மேல் வரிசையில எரியுற விளக்குக்கு நேர் கீழ இருக்கிறதை அமுக்கி, வரிசை வரிசையா இறங்கலாம்.

இதுல ஒரு வேடிக்கை: மொத்தம் 3,35,54,432 நிலைகள் இருக்கு, ஆனா கால்வாசிதான் தீர்க்கக்கூடியது. நகர்த்திச் சேர்க்கிற படத்துண்டுப் புதிரும் அப்படித்தான். 3×3 கட்டத்துல 3,62,880 அடுக்குகள்ல பாதிக்கு விடையே கிடையாது. ஆனா கேம்ல நமக்கு விடையில்லாத புதிர் வர்றதில்ல. சரியான நிலையில ஆரம்பிச்சு, விதிப்படியே கலைச்சுக் கொடுத்தாப் போதும், திரும்பி வர வழி கண்டிப்பா இருக்கும். இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க: விடை இருக்குன்னு கேம் நமக்கு உத்தரவாதம் கொடுத்துடுச்சு.

அப்போ மூளை ஷார்ப் ஆகுமா?

தானா ஆகாது. ஒரு கேமைத் திரும்பத் திரும்ப ஆடினா அந்த கேம்ல கெட்டி ஆவோம். 'ஜூன்ஸ் ஜர்னி' மாதிரி ஃப்ரீ கேம்கள்ல ஒரே அறையைத் திரும்பத் திரும்ப ஆட வைப்பாங்க. அஞ்சாவது தடவை நாம தேடல, எங்க இருக்குன்னு மனப்பாடமாச் சொல்றோம். மூளைப் பயிற்சின்னு விளம்பரம் செஞ்ச லுமோசிட்டி, சொன்னதுக்குப் போதிய ஆதாரம் இல்லைங்கிற வழக்குல 2016-ல அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டி சமரசம் பண்ணிக்கிச்சு. முறையை நாமதான் தெரிஞ்சே எடுத்து வேற இடத்துல வைக்கணும். வைக்கும்போது எங்க இடிக்கும்னா, அந்த உத்தரவாதத்துலதான்.

உத்தரவாதம் போனா என்ன ஆகும்

கேம்ல லிஸ்ட் 12 சொன்னா 12 இருக்கு. பதினொண்ணு கிடைச்சும் பன்னிரண்டாவதுக்காகக் கண்ணு வலிக்கத் தேடுவோம், ஏன்னா இருக்குன்னு தெரியும். வெளியுலகத்துல அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க.

2005-ல வுல்ஃபும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் 'நேச்சர்' இதழ்ல ஒரு சோதனையை வெளியிட்டாங்க. ஏர்போர்ட் பேக் சோதனை மாதிரி, கலைஞ்சு கிடக்கிற படங்கள்ல ஒரு பொருளைத் தேடணும். பாதிப் படங்கள்ல பொருள் இருந்தப்போ 7 சதவீதம் தவறவிட்டாங்க. நூத்துல ஒரு படத்துலதான் பொருள் இருந்தப்போ, 30 சதவீதம் தவறவிட்டாங்க. அதே மாதிரி படம், அதே மாதிரி பொருள். மாறினது ஒண்ணுதான்: 'எங்க இருக்கப்போகுது'ங்கிற எண்ணம். அது வந்ததும் தேடலைச் சீக்கிரம் முடிச்சுக்கிட்டாங்க.

2013-ல இன்னொண்ணு. 24 ரேடியாலஜிஸ்ட்கிட்ட நுரையீரல் ஸ்கேன் கொடுத்துக் கட்டி தேடச் சொன்னாங்க. ஸ்கேன்ல ஒரு கொரில்லா படத்தை ஒட்டி வெச்சிருந்தாங்க, சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெருசு. 20 பேர் பார்க்கல. கண் அசைவைப் பதிவு செஞ்சு பார்த்தா, அதுல பல பேரோட கண்ணு கொரில்லா மேலயே நின்னிருக்கு. அவங்க லிஸ்ட்ல கொரில்லா இல்ல, அவ்வளவுதான்.

இப்போ நம்ம வேலையை யோசிங்க. வெல்டிங்கோட எக்ஸ்ரே ஃபிலிம்ல விரிசல் தேடுற மெக்கானிக்கல். சர்க்யூட் போர்டுல சரியா ஒட்டாத சால்டரைத் தேடுற ஈசிஈ. அடுத்தவங்க கோடை ரிவ்யூ பண்ற சிஎஸ்ஈ. பெரும்பாலான நாள் எல்லாம் சரியாத்தான் இருக்கும். தப்பு வர்ற அன்னைக்கு நம்ம கண்ணு ஏற்கனவே பழகித் தூங்கியிருக்கும். அந்த ஒரு விரிசல் ஒரு பாய்லர்ல இருந்தா, பக்கத்துல நிக்கிறவர் உயிர் அது.

லிஸ்ட் இல்லைன்னா நாமளே போடலாம்

- தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, என்னென்ன தப்பு வரலாம்னு எழுதுங்க. மனசுல இருக்கிற லிஸ்ட் மலிவுன்னு பாடம் 1-லயே பார்த்துட்டோம்; நீளமாவே இருக்கட்டும்.
- எப்போ நிறுத்தணும்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. 'ஒன்பது கட்டமும் முடிஞ்சா'ங்கிறது விதி. 'போதும்னு தோணினா'ங்கிறது விதி இல்ல.
- ஒரு தப்பு கிடைச்சதும் எழுந்து போகாதீங்க. ஒண்ணு கிடைச்ச திருப்தியில அடுத்ததை விடுறது ரேடியாலஜியில நல்லாத் தெரிஞ்ச சிக்கல். ஒரு பக் சிக்கின ஃபங்ஷனை இன்னொரு சுத்து பாருங்க.
- தப்பை நாமளே ஒளிச்சு வைக்கலாம். ஏர்போர்ட் எக்ஸ்ரே திரையில அப்பப்போ பொய்யான ஆயுதப் படத்தை நுழைச்சு, பார்க்கிறவர் முழிப்பா இருக்காரான்னு பார்க்கிற முறை இருக்கு. மென்பொருள்ல மியூட்டேஷன் டெஸ்டிங்: கோடுல வேணும்னே பிழை வெச்சு, நம்ம டெஸ்ட் பிடிக்குதான்னு பார்க்கிறது. ரெண்டுமே ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேம்தான், வேற பேர்ல.

இன்னைக்கு ராத்திரி ஒரு சோதனை பண்ணுங்க. ஏதாவது ஒரு கேம்ல, நீங்க பார்க்காத ஒரு அறையைத் திறக்கச் சொல்லுங்க. லிஸ்ட் மேல ஒரு தாளை ஒட்டச் சொல்லுங்க. அந்த அறையில இருக்கக் கூடாத பொருள்களை எல்லாம் நோட்டுல எழுதுங்க. 'இனிமே எதுவும் இல்ல'ன்னு தோணுற நிமிஷத்தையும் குறிச்சு வைங்க. அப்புறம் தாளை எடுத்துட்டு, உங்க நோட்டுல இல்லாம லிஸ்ட்ல எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. வேலையில தாளை எடுத்துக் காட்ட யாரும் வர மாட்டாங்க. அதனால அந்த எண்ணிக்கையை இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது.