கறளின் கணக்கு

உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டாம் என்று ஒதுங்கும் தங்கைகளிடம் காரணம் கேட்டால், சிலர் சொல்வது இரசாயனச் சமன்பாட்டைத்தான். "சமப்படுத்தவே வராது ராத்தா" என்பார்கள். இருபது சமன்பாடுகளைப் பாடமாக்கி வைத்திருப்பார்கள்; இருபத்தோராவது வந்தால் பேனா நின்றுவிடும். பாடமாக்கத் தேவையே இல்லை. திருகோணமலையில் இருக்கும் நமக்கு உதாரணத்துக்குக் கறள் போதும். தோணி நங்கூரம், ஜன்னல் கம்பி, 1942 ஏப்ரல் 9 குண்டுவீச்சுக்குத் தப்பி நிற்கும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் என்று கடற்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை.

இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்து இரும்பு ஒட்சைட்டு ஆகிறது. (கறளில் நீரும் சேர்ந்திருக்கும், கணக்கு இலகுவாக இருக்க அதை ஒரு பக்கம் வைக்கிறேன்.) காற்றில் ஒட்சிசன் அணுக்கள் சோடி சோடியாகவே இருக்கும். ஒட்சைட்டின் ஓர் அலகிலோ இரண்டு இரும்பும் மூன்று ஒட்சிசனும். இடப்பக்கம் இரண்டிரண்டாக வருவது வலப்பக்கம் மும்மூன்றாக இருக்கிறது. சிக்கல் முழுவதும் இங்கேதான். இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவான எண் ஆறு. ஆகவே மூன்று சோடி ஒட்சிசன், இரண்டு அலகு ஒட்சைட்டு. அந்த இரண்டு அலகிலும் இரும்பணுக்கள் நான்கு.

4 இரும்பு + 3 ஒட்சிசன் மூலக்கூறு → 2 இரும்பு ஒட்சைட்டு

இரும்பைக் கடைசியில் தொட்டதைக் கவனியுங்கள். தனியே நிற்கும் மூலகத்தைக் கடைசிக்கு விட்டால், முன்பு சமப்படுத்தியது குலையாது.

சிலர் ஒட்சைட்டுக்குள் இருக்கும் மூன்றை அழித்து இரண்டாக்கி விடுவார்கள். எண்ணிக்கை சரி வரும், பொருள்தான் மாறிவிடும். நீரில் இரண்டு ஐதரசனுக்கு ஓர் ஒட்சிசன். உள்ளே இன்னோர் ஒட்சிசனைச் சேர்த்தால் அது காயம் கழுவும் ஐதரசன் பேரொட்சைட்டு. முன்னால் உள்ள எண் எத்தனை கோப்பை என்று சொல்கிறது; உள்ளே உள்ள சிற்றெண் கோப்பையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது.

இனி நிறைக்கு வருவோம். சார் அணுத்திணிவு இரும்புக்கு 56, ஒட்சிசனுக்கு 16. நான்கு இரும்பு 224. ஆறு ஒட்சிசன் 96. சுருக்கினால் 7க்கு 3. 7 கிலோ நங்கூரம் முழுவதும் ஒட்சைட்டானால், 3 கிலோ ஒட்சிசனைப் பிடித்து 10 கிலோவாகும். சமப்படுத்தாமல் ஒன்றுக்கு ஒன்று என்று விட்டிருந்தால் 4 கிலோ ஒட்சிசன் என்று வந்திருக்கும்.

வாப்பா இதை நம்பவில்லை. கறள் இரும்பைத் தின்கிறது, நங்கூரம் மெலிகிறது என்பதுதான் கடலுக்குப் போகிறவர்கள் கண்டது. அதுவும் பொய்யல்ல. கறள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கடலில் விழுகிறது. மிஞ்சியதைத்தான் தராசு காட்டுகிறது. எதுவும் தப்பிப் போகாதபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். பிரான்சில் லவோசியே 1770களில் அதைத்தான் செய்தார். மூடிய பாத்திரத்தில் உலோகத்தைச் சூடாக்கினார். மொத்த நிறை மாறவில்லை. திறந்தார், காற்று உள்ளே புகுந்தது, நிறை கூடியது. அவர் வரி வசூலிப்பிலும் பங்குதாரர். வரவும் செலவும் ஒத்துவராவிட்டால் தூக்கம் வந்திருக்காது போலும்!

உயர்தரத்தில் இலத்திரன்களையும் எண்ண வேண்டும். அதற்கும் இதே கறள்தான். ஓர் இரும்பணு முதலில் இரண்டு, பிறகு ஒன்று என மூன்று இலத்திரன்களை இழக்கிறது. ஓர் ஒட்சிசன் மூலக்கூறு நான்கை வாங்குகிறது. நான்கு இரும்பு கொடுப்பது 12, மூன்று ஒட்சிசன் வாங்குவதும் 12. மேலே கண்ட அதே 4, அதே 3. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு உப்புநீர் நல்ல பாதை. கிணற்று நீரைவிடக் கடல்நீரில் இரும்பு விரைவாகக் கெடுவது அதனால்தான்.

இரும்புக் கப்பல்களின் அடியில் நாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். சிங்க் என்று கடையில் கேட்கிறோமே, அந்த உலோகம். அது இரும்பைவிட இலகுவாக இலத்திரனைக் கொடுத்து, இரும்புக்குப் பதிலாகத் தான் கரைகிறது. அதன் சார் அணுத்திணிவு 65. ஒட்சைட்டில் ஒரு நாகத்துக்கு ஓர் ஒட்சிசன். 13 கிலோ நாகம் முழுவதும் ஒட்சைட்டானால் எத்தனை கிலோ ஒட்சிசனைப் பிடிக்கும்? சமன்பாட்டை எழுதிச் சமப்படுத்திய பிறகு கணக்கிடுங்கள். விடை 3.2 கிலோ.