சுடுகாட்டு மல்லி தந்த மருந்து

நித்தியகல்யாணியை அறியாதவர் நம் தோழியருள் எவரும் இரார். சிந்தாதிரிப்பேட்டை மாடிகளில், உடைந்த குடத்தில்கூடத் தண்ணீர் கேளாமல் பூக்கும் செடி அது. மயானங்களில் தானே வளர்வதால் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வர். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. இதைப் பற்றி நாங்கள் தேடிப் படிக்க ஒரு காரணம் உண்டு.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பக்கத்து வீட்டு அம்மாள், மார்பில் கண்ட கட்டியை வீட்டாரிடம் சொல்லாமல், ஆறு மாதம் இதன் இலையை அரைத்துக் குடித்து வந்தார். இச்செடியிலிருந்துதான் புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாராம். அது பொய்யன்று.

ஜமைக்காவிலும் மக்கள் இந்த இலைக் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடித்து வந்தனர். 1952-ல் அங்கிருந்து கனடாவுக்கு இலைகள் அனுப்பப்பட்டன. ராபர்ட் நோபிள் என்ற விஞ்ஞானி சாற்றை எலிகளுக்குப் புகட்டினார், சர்க்கரை குறையவில்லை. ஊசியாகச் செலுத்தியபோதோ இரத்த வெள்ளணுக்கள் மளமளவென்று குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்! அவரும் சார்லஸ் பீரும் 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தார் கண்ட வின்கிரிஸ்டின் 1963-ல் அங்கீகாரம் பெற்றது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு இன்றும் அது தரப்படுகிறது.

ஒரு செல் இரண்டாகும்போது உள்ளே நூல் போன்ற நுண்குழல்கள் தோன்றிக் குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கின்றன. இம்மருந்து அந்நூல்களை உருவாகவிடாது. 1734-ல் நெசவாளருக்கென்றே அமைத்த பேட்டையில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும்: இழை இல்லை, தறி நிற்கிறது. கத்தியும் கதிர்வீச்சும் ஓரிடத்து நோயைத்தான் தாக்கும். கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் வேறு உறுப்பில் குடியேறிவிட்டால், அவற்றைத் தேடிச் செல்ல இரத்தத்தில் ஓடும் மருந்துதான் வேண்டும்.

ஆனால் இலைச்சாறு மருந்தாகுமா? இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலாய்டுகள் உள்ளன. ஒரு கிராம் மருந்துக்கே நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினை ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் தருவதில்லை. மிகுந்தால் நரம்புகள் கெடும். அதுவும் நரம்பூசியாகத்தான், குடித்தால் உடலில் சரிவரச் சேராது. அம்மியில் அரைப்பவருக்கு எந்த அளவு தெரியும்? மஞ்சள் புற்றுச் செல்லைக் கொன்றது என்ற செய்திகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் நடந்தது உடலுக்குள் நடந்ததாகாது.

அந்த அம்மாள் மருத்துவரிடம் போனபோது நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. இப்போது பறக்கும் ரயிலில் கஸ்தூர்பா நகர் இறங்கி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் சென்று வருகிறார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய இடம் அது. அங்கே அவருக்கு ஏற்றப்படும் மருந்தின் பெயர் பேக்லிடாக்சல். அதுவும் தாவரம் தந்ததே! அமெரிக்காவின் யூ மரப்பட்டையில் கண்டறிந்து 1971-ல் அறிவித்தார்கள். இதைச் சொன்னபோது அம்மாள் சிரித்துவிட்டு, மாடிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.