கொல்லன் இல்லாத தேசம்

வேதபாடம்: 1 சாமுவேல் 13:15-22



சவுல் ராஜாவின் நாட்களில் இஸ்ரவேல் தேசமெங்கும் தேடியும் ஒரு கொல்லன்கூட அகப்படவில்லை என்று இந்த வேதபகுதி சொல்லுகிறது. அது தற்செயலாய் நடந்ததல்ல. எபிரெயர் கையில் பட்டயமும் ஈட்டியும் வந்துவிடக்கூடாது என்று பெலிஸ்தர் போட்ட திட்டம் அது. யுத்தநாள் வந்தபோது சவுலிடமும் யோனத்தானிடமும் மட்டுமே ஆயுதம் இருந்தது. கூட நின்ற ஏறக்குறைய 600 பேரும் பட்டயமில்லாமல் நின்றார்கள்.

பாபிலோன் ராஜாவும் இதையே செய்தான். கி.மு. 597-இல் எருசலேமைப் பிடித்தபோது, தச்சரும் கொல்லருமாக 1000 பேரைச் சிறைபிடித்துக் கொண்டுபோனான் (2 இராஜாக்கள் 24:16). சத்துரு முதலில் மதிலைப் பார்க்கிறதில்லை. உலை எங்கே எரிகிறது என்றுதான் பார்க்கிறான். ஏன் தெரியுமா?

என் தகப்பனார் கிராமத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் துருத்தி ஊதுவது என் வேலை. உழுகிற கொழு, அறுக்கிற அரிவாள், வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டா, கிணறு வெட்டும் கடப்பாரை எல்லாம் அந்த ஒரு உலையிலிருந்துதான் ஊருக்குப் போகும். கூலியை அறுவடைக் களத்தில் நெல்லாக அளந்து கொடுப்பார்கள். அந்தப் பட்டறையில் நான் கண்ட காரியங்களைக்கொண்டு இந்த வேதபாடத்தைத் தியானிப்போம்.

1. துருத்தி நின்றால் உலை அவியும்

கரி சிவந்திருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சுமார் 600, 700 டிகிரி சூட்டில் இரும்பு மங்கலாய்ச் சிவக்கும். ஆனால் அடித்தால் நன்றாய் வளைந்து கொடுக்க 900, 1000 டிகிரி வேண்டும். அந்தச் சூடு காற்றில்லாமல் வராது. கை வலிக்கிறது என்று நான் சற்று நிறுத்தினால் போதும், உலை மேலே சாம்பல் படர்ந்துவிடும்.

தீமோத்தேயுவுக்குள் வரம் இல்லாமல் போகவில்லை. அதை அனல்மூட்டி எழுப்பும்படிதான் பவுல் அவனுக்கு எழுதினார் (2 தீமோத்தேயு 1:6). நாமோ, எந்த வருஷம், எந்தக் கன்வென்ஷனில் அபிஷேகம் பெற்றோம் என்று தேதியோடு சாட்சி சொல்லுகிறோம். நல்லதுதான். ஆனால் இன்று காலையில் துருத்தி ஊதினோமா?

2. ஆறின இரும்பை அடிக்காதே

அடைகல்லின்மேல் வைத்த இரும்பின் நிறம் மங்கினவுடனே அப்பா கையை நிறுத்திவிடுவார். "ஆறிப்போச்சுடா, உலையிலே வை!" என்று சத்தம் போடுவார். ஆறின இரும்பை அடித்தால் உருவாகாது, விரிசல்தான் விடும்.

பெற்றோரே, ஜெபத்தில் சூடேறாத பிள்ளையை வசனத்தால் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? மூப்பரே, கண்ணீர் விடாமல் கண்டித்தால் எந்த ஆத்துமா திரும்பும்? முதலில் உலை, பிறகுதான் சுத்தி.

3. தோய்ச்சல்

அரிவாளை அடித்து முடித்தபின் அதன் வாயைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். 'சொய்ங்' என்று சத்தம் வரும். இப்போது இரும்பு கடினப்பட்டுவிட்டது. ஆனால் அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் கண்ணாடிபோல் தெறித்துவிடும். ஆகவே மறுபடியும் இளஞ்சூடு காட்டுவார்கள். 200 டிகிரிக்குமேல் வைக்கோல் நிறம் ஏறும். 300-ஐ நெருங்கும்போது நீலம் ஓடும். வேலைக்கு ஏற்ற நிறம் வந்ததும் நிறுத்திவிடவேண்டும். இதுதான் பதம்.

தேவபிள்ளையே, ஜனங்களைத் தீயையும் தண்ணீரையும் கடக்கப்பண்ணினார் என்று 66-ஆம் சங்கீதம் சொல்லுகிறதே! ஒரு சோதனை முடிந்தது, மறுபடியும் ஏன் சூடு என்று கலங்குகிறாயா? முதல் சூடு உன்னைக் கடினமாக்கிற்று. இரண்டாம் சூடு நீ உடைந்துபோகாதபடி காக்கிறது. பரிசுத்தத்தில் உறுதியாய் நின்றும், சாந்தம் இல்லாமல் பட்டென்று ஒடிந்துபோன விசுவாசிகளை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

4. பெலிஸ்தனுக்குக் கொடுத்த கூலி

கொழுவும் கோடரியும் தீட்ட இஸ்ரவேலர் பெலிஸ்தரிடத்துக்குப் போகவேண்டியதாயிற்று. 21-ஆம் வசனத்தில் எபிரெய மொழியில் 'பீம்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் அர்த்தம் வெகுகாலம் விளங்காததால் 'அரம்' என்று மொழிபெயர்த்தார்கள். பின்பு, அந்தச் சொல் பொறித்த சிறு எடைக்கற்கள் இஸ்ரவேல் தேசத்தில் கிடைத்தன. ஒரு கல் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு; ஏறக்குறைய ஒரு சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. கொழு தீட்டுவதற்கு அவ்வளவு வெள்ளி கூலி என்பதே அந்த வசனத்தின் பொருள் என்று இப்போது அறிகிறோம். உழுகிற நிலம் தன்னுடையது. கூலி போவதோ சத்துருவுக்கு!

இன்னொன்றைக் கவனியுங்கள். பெலிஸ்தன் கொழுவைத் தீட்டிக் கொடுப்பான். ஒருக்காலும் பட்டயம் அடித்துத் தரமாட்டான்.

இதை மனக்கிலேசத்தோடு எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனையில் கைதட்டிப் பாடிவிட்டு, மகளுக்கு வரன் வந்ததும் யாருக்கும் தெரியாமல் ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவர்கள் நம் நடுவில் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரித்த கயிறு தேடுகிறவர்கள் உண்டு. காணிக்கை கொடுத்துத் தீர்க்கதரிசனம் வாங்க ஊர் ஊராய் அலைகிறவர்களும் உண்டு. கல்யாணம் நடக்கலாம், வேலை கிடைக்கலாம், கொழு தீட்டியாயிற்று. ஆனால் யுத்தநாளில் உன் பிள்ளையின் கையில் என்ன இருக்கும்?

5. உன் வீட்டில் உலை எரியட்டும்

கிராமத்துக்கு டிராக்டர் வந்தது, ஏர் குறைந்தது. துருத்தி ஊத ஆளில்லாமல் அப்பாவின் பட்டறையும் மூடப்பட்டது. ஒரே நாளில் அல்ல. தினமும் எரிந்த உலை வாரம் ஒருமுறை ஆயிற்று, பிறகு நின்றது. குடும்ப ஜெபமும் இப்படித்தான் அணைகிறது.

பட்டறையில் ஒருவராய் வேலை செய்ய முடியாது. அப்பா குறட்டால் இரும்பைப் பிடித்து, சின்னச் சுத்தியால் தட்டி இடம் காட்டுவார். அந்த இடத்தில் அண்ணன் சம்மட்டியால் அடிப்பான். நான் ஊதுவேன். உங்கள் வீட்டிலும் தகப்பன் வேதத்தைத் திறந்து இடம் காட்டட்டும், தாய் ஜெபிக்கட்டும், சின்னப் பிள்ளையும் ஒரு பாட்டுப் பாடட்டும். 15 நிமிஷம் போதும். ஆனால் தினமும் வேண்டும்.

யோனத்தானைப் பாருங்கள். தேசத்தில் கொல்லன் இல்லை. ஆனாலும் அவன் கையில் ஆயுதம் இருந்தது, இருதயத்தில் விசுவாசம் இருந்தது. ஆயுததாரியோடு அவன் ஏறிப்போனபோது ஏறக்குறைய 20 பெலிஸ்தர் விழுந்தார்கள் (14:14). ஒளிந்திருந்த இஸ்ரவேலரும் வெளியே வந்து யுத்தத்தில் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வீட்டில் உலை எரிந்தால் ஊரே எழும்பும். அல்லேலூயா!

வீட்டுக் கூட்டத்தில் சிந்திக்க:

அ) எந்தக் காரியத்துக்காக இன்னும் பெலிஸ்தனின் பட்டறைக்குப் போகிறோம்?

ஆ) நம் வீட்டில் துருத்தி ஊதுவது யார்?

கரிநெருப்பை ஊதுகிற கொல்லனையும் சிருஷ்டித்த கர்த்தர் (ஏசாயா 54:16) உங்கள் வீட்டு உலையை மறுபடியும் அனல்மூட்டுவாராக. ஆமென்.