இடி இடித்தால் சங்கிலியை அறுக்கிறான் செவலை

கேள்வி: டாக்டர் அய்யா, எங்கள் வீடு மலைமேல் செம்மேட்டுக்குப் பக்கத்தில், மிளகுத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தகரக் கூரை. செவலை என்று ஒரு நாட்டு நாய், ஆறு வயது ஆகிறது. குட்டியாக இருந்தபோது இடி, மழை எதற்கும் அசையமாட்டான். இரண்டு வருஷமாகத்தான் இப்படி. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் மேகம் கட்டினாலே நடுங்க ஆரம்பித்துவிடுகிறான். வாசலில் இருக்கும் பலா மரத்தில்தான் கட்டிப்போடுவோம். போன வாரம் பெரிய இடி. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவன், மறுநாள் விடிந்த பிறகு நகம் பெயர்ந்து ரத்தத்தோடு வந்தான். அணைத்துத் தடவிக்கொடுத்தால் பயம் இன்னும் கூடிப்போகும் என்கிறார் என் வீட்டுக்காரர். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பாதித் தூக்க மாத்திரை கொடுக்கச் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்? ஒரு பூனையும் இருக்கிறது. இடி இடித்தால் பரணில் ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது.
— ஒரு வாசகி, செம்மேடு

பதில்: மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம் அம்மா. முதலில், மேகம் கட்டுகிற நேரத்தில் செவலையைப் பலா மரத்தடியில் கட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மரத்தில் இறங்கும் மின்னல் மரத்தோடு நிற்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள மண்ணிலும் மின்சாரம் பரவுகிறது. நாலு கால் பிராணிக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். ஒரு காலில் ஏறுகிற மின்சாரம் நெஞ்சு வழியாகப் போய் இன்னொரு காலில் இறங்குகிறது. மரத்தடியில் ஒதுங்கிய ஆடு மாடுகள் ஒரே மின்னலில் கூட்டமாகச் செத்துப்போவது இப்படித்தான். உங்கள் வீட்டில் ஆடு, மாடு இருந்தால் அவற்றுக்கும் இதையே சொல்வேன்.

சங்கிலியால் வரும் கெடுதல் வேறு. பயந்துபோன நாய்க்குத் தெரிந்த வழி இரண்டே: ஓடுவது, ஒளிவது. கட்டிப்போட்டால் இரண்டும் போய்விடுகிறது. நகம் பெயரும் அளவுக்கு அவன் இழுத்திருக்கிறான் என்றால் அந்த ஐந்து பத்து நிமிஷம் என்ன பாடுபட்டிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். அவனை அடக்கமில்லாத நாய் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இடி உங்கள் காதில் விழுவதற்கு முன்பே அவன் நடுங்குவதில் ஆச்சரியம் இல்லை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 40,000-க்கும் மேல் கேட்கும். நமக்கு எட்டாத மெல்லிய சத்தமும் அதற்கு எட்டும். அதோடு காற்று மாறுவது, மண் வாசனை, வெளிச்சம் மங்குவது எல்லாவற்றையும் கவனிக்கிறது. இவை வந்தால் பின்னாலேயே இடி வரும் என்று ஒரு தடவை மனதில் பதிந்துவிட்டால் போதும், அடுத்த தடவை மேகத்தைப் பார்த்தே பயம் வந்துவிடும். தகரக் கூரை வீட்டில் இது சீக்கிரம் நடக்கும். முதல் துளி தகரத்தில் விழும் சத்தமே அவனுக்கு இடி வரப்போகிறது என்ற அறிவிப்புதான். மலையில் ஒரு இடி சரிவுக்குச் சரிவு மோதி உருண்டு நீளும் என்பது உங்களுக்குத் தெரியாததா!

உங்கள் வீட்டுக்காரர் சொன்னது பலரும் நம்புகிற விஷயம். நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். உட்கார், கைகொடு என்பவை பரிசு கொடுத்தால் வளரும் பழக்கங்கள். பயம் அப்படியல்ல; அது ஓர் உணர்ச்சி, தடவிக்கொடுப்பதால் வளராது. சுடுகாட்டுப் பக்கம் நடுங்குகிற பிள்ளையின் கையை அம்மா பிடித்துக்கொண்டால் பிள்ளைக்குப் பயம் கூடுமா? அவன் உங்கள் மடியைத் தேடி வந்தால் இடம் கொடுங்கள், மெதுவாகத் தடவுங்கள். வராமல் கட்டிலுக்கு அடியில் போனால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். பயத்தின் உச்சத்தில் வளர்த்தவர் கையையே கடித்துவிடும் நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒவ்வொரு இடிக்கும் உடனே ஒரு துண்டு வேகவைத்த முட்டையோ கறியோ போடுங்கள். இடி, உடனே முட்டை. இடி, உடனே முட்டை. வெடிச் சத்தத்துக்குப் பயப்படும் நாய்களை வளர்ப்பவர்களிடம் எடுத்து 2020-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், இப்படிச் செய்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் பலன் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவன் சாப்பிட மறுத்தால் பயம் எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். அப்போது வற்புறுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஒளிவதற்கு ஓர் இடம் இப்போதே தயார் செய்யுங்கள். வீட்டில் தகரம் இல்லாத அறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நடு அறையில், கட்டிலுக்கு அடியில், மூன்று பக்கமும் கனமான கம்பளியைத் தொங்கவிட்டு, கீழே நீங்கள் உடுத்திய பழைய சேலையைப் போடுங்கள். உங்கள் வாசனை அவனுக்குத் தெம்பு. மின்னல் வெளிச்சம் விழாமல் சன்னலை மூடி, ரேடியோவைப் பேசவிடுங்கள். மழை இல்லாத நாளிலும் அவனுக்கு அங்கேதான் சோறு வைக்க வேண்டும். இடி வரும்போது மட்டும் அங்கே கொண்டுபோய் விட்டால் அந்த இடமே பயமாகிவிடும். தீபாவளிக்கும் இதே இடம் உதவும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகளுக்காகப் பல வருஷங்களாகப் பட்டாசே வெடிப்பதில்லை. அந்த ஊரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மனிதருக்கான மாத்திரையில் எது, எவ்வளவு என்று தெரியாமல் கொடுத்தால் மூச்சு அடங்கிப்போகலாம். சில மயக்க மருந்துகள் உடம்பை மட்டும் கட்டிப்போடும். உள்ளே பயம் அப்படியே இருக்கும், அசைய மட்டும் முடியாது. அது சங்கிலியை விடக் கொடுமை. பூனைக்கோ பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். பயத்தையே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் தடவும் டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல்லுக்கு, நாய்களின் சத்தப் பயத்துக்கென்றே அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. எது செவலைக்கு ஏற்றது என்று பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வாய்வழி மாத்திரை என்றால் இடிக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டியிருக்கும். அதற்கு, புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்தில் மின்னல் நெருங்குவதைக் காட்டும்.

பயிற்சியும் உண்டு. அதற்குக் காலம் இதுவல்ல. இடியே இல்லாத தை, மாசி. பதிவு செய்த இடிச் சத்தத்தை, அவன் காதை மட்டும் லேசாகத் திருப்பும் அளவுக்குச் சின்னதாக வைத்து, அவன் சாப்பிடும்போது ஐந்து நிமிஷம் ஓடவிடுங்கள். வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாலைச் சுருட்டினாலோ, சூடு இல்லாதபோதும் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தாலோ, கொட்டாவி மேல் கொட்டாவி விட்டாலோ நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். பழைய அளவுக்குக் குறையுங்கள்.

பூனை பரணில் இருக்கட்டும். அது தேடிக்கொண்ட இடம் நல்ல இடம். தண்ணீரும் மண் தட்டும் மேலேயே வைத்துவிட்டால் அதுவாக இறங்கி வரும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. நாலு வயது வரை இடிக்கு அசையாத செவலை இப்போது நடுங்குகிறான் என்கிறீர்கள். 2018-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களைப் பார்த்தது. உடம்பில் மூட்டு, தசை வலி இருந்த நாய்களுக்கு, வலி இல்லாதவற்றை விடச் சராசரியாக நாலு வருஷம் தாமதமாகத்தான் பயம் தொடங்கியிருந்தது. திடுக்கிடும்போது தசை இறுகுகிறது, வலிக்கிற மூட்டு இன்னும் வலிக்கிறது; சத்தம் வந்தால் வலி வரும் என்று நாய் கற்றுக்கொள்வதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வலி தீர்ந்தால் பயமும் குறையலாம். செவலை படி ஏறும்போது ஒரு காலைத் தயங்கி வைக்கிறானா, காலையில் எழுந்ததும் விறைப்பாக நடக்கிறானா, இடுப்பைத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறானா என்று இரண்டு நாள் கவனித்து எழுதி வையுங்கள். காதுக்குள்ளும் பாருங்கள்.

பிறகு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போங்கள். அந்த நகத்தையும் காட்டி, இரவெல்லாம் வெளியே சுற்றியதால் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியையும் சொல்லுங்கள். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது வாந்தி வரும், அதனால் வெறும் வயிற்றோடு விடியற்காலையில் கிளம்புங்கள். வண்டியில் அவன் பக்கத்திலேயே உட்காருங்கள். சாயங்காலம் மேகம் கட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.