மல்லிகை மணம் சீசாவுக்குள் வந்த கதை

கேள்வி: வீட்டில் பூத்த குண்டுமல்லியைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சிப் பார்த்தேன். மணம் போய், வதங்கிய வாடைதான் மிஞ்சியது. வெட்டிவேரைக் கொதிக்க வைத்தால் வீடே மணக்கிறது. மல்லிகை மட்டும் ஏன் இப்படி? மல்லிகை சென்டை முதலில் எப்படித்தான் எடுத்தார்கள்?
– ஒரு வாசகி, ஆலங்குளம், விருதுநகர் மாவட்டம்

பதில்: சூடுதான் காரணம் அம்மா. வெட்டிவேரின் மணம் வேருக்குள்ளேயே எண்ணெயாகத் தங்கியிருக்கிறது. நாள் முழுக்க ஆவியில் வேகவைத்தாலும் அது தாங்கும். வெட்டிவேர் தைலம் அப்படித்தான் இறக்கப்படுகிறது. மல்லிகை வேறு இனம். மொட்டில் மணம் மிகக் குறைவு. இதழ் விரியும்போதுதான் பூ மணத்தை உண்டாக்கி உடனுக்குடன் காற்றில் விடுகிறது. செடியிலிருந்து பறித்த பின்னும் இரவெல்லாம் அந்த வேலை நடக்கிறது. காலையில் பறித்த மொட்டு ராத்திரி தலையில் மணப்பது இதனால்தான். காய்ச்சிய எண்ணெயில் விழுந்ததும் பூ செத்துவிடுகிறது. புது மணம் உண்டாக வழியில்லை, இருந்ததும் ஆவியாகிவிடும்.

ஆகவே பூவை உயிரோடு வைத்துத்தான் அதன் மணத்தைப் பிடிக்க வேண்டும். பிரான்சின் கிராஸ் நகரத்தார் கண்ணாடித் தட்டில் விலங்குக் கொழுப்பைப் பூசி, அதன்மேல் மல்லிகையைப் பரப்பி வைத்தார்கள். மறுநாள் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ. கொழுப்பில் மணம் நிறையும்வரை பல நாட்கள் இது தொடரும். அதே வேலையை இந்தியாவில் எள் செய்தது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர், காஜிப்பூர் பக்கத்தில் தோல் நீக்கிய எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றி மாற்றி வைத்து, மணம் ஏறிய எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டுவது பழைய வழக்கம். வடநாட்டுச் சமேலி எண்ணெய் அதுதான். நறுமணக் கலவை நம் நாட்டில் எவ்வளவு பழைய வித்தை என்பதற்கு, 6-ஆம் நூற்றாண்டு வராகமிகிரர் தம் பிருகத்சம்ஹிதையில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியதே சாட்சி.

இன்றைய தொழிற்சாலை முறையின் தொடக்கம் 1835. பிரெஞ்சு வேதியியலாளர் பியர் ரோபிகே ஈதரில் பூவை ஊறவைத்து மணத்தைப் பிரித்தார். இப்போது ஈதருக்குப் பதில் ஹெக்சேன். சுமார் 69 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பூவின் மணம் அவ்வளவாகக் கெடுவதில்லை. ஹெக்சேனை ஆவியாக்கி நீக்கியபின் மெழுகு போல நிற்பது ‘கான்கிரீட்’. அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் நீக்கினால் ‘அப்சல்யூட்’. சத்தியமங்கலம், நிலக்கோட்டை வட்டாரங்களில் விவசாயிகள் ‘சென்ட் ஃபேக்டரி’ என்று சொல்வது இந்தத் தொழிற்சாலைகளைத்தான். சந்தையில் பூ விலை சரியும் நாட்களில் அவர்களுக்குப் போக்கிடமும் இதுவே. இந்த வசதி நம் தென்மாவட்டங்களில் இன்னும் பரவலாக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்தப் பெயரின் பலன் பூ வளர்ப்பவர் கைக்கு வர இது ஒரு நேரான வழி.

கேள்வி: அப்படியானால் வீட்டில் நான் என்னதான் செய்யலாம்?

பதில்: எள் முறையைச் செய்யுங்கள். எண்ணெய் வணிகத்துக்குப் பெயர் போன விருதுநகர்ச் சீமையில் இருக்கிறீர்கள். நல்ல வெள்ளை எள் கிடைப்பது கடினமில்லை. தோல் நீக்கி, ஈரமே இல்லாமல் காயவைத்த எள்ளை அகலத் தட்டில் பரப்புங்கள். மொட்டு அவிழும் மாலை நேரத்தில் மேலே பூவைப் பரப்பி, மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள். காலையில் பூ பழுப்பதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் புளித்த வாடை ஏறிவிடும். பூவின் ஈரம் எள்ளில் தங்கியிருந்தால் நிழலில் உலர்த்திவிட்டு அடுத்த அடுக்கு வையுங்கள். பத்துப் பதினைந்து முறையாவது மாற்றினால்தான் மணம் நிற்கும். பிறகு வீட்டில் எண்ணெய் பிழியும் சிறு இயந்திரத்தில் பிழியலாம். செக்கில் நல்லெண்ணெய்க்குச் சேர்க்கும் கருப்பட்டி இதற்கு வேண்டாம். அதன் வாசம் பூவை அமுக்கிவிடும்.

பூ எங்கே வாங்குவது என்பதில்தான் அதிகக் கவனம் தேவை. மொட்டுப் புழுவுக்காக மல்லிகைத் தோட்டங்களில் மருந்து அடிக்கிறார்கள். அந்த மருந்துகளில் பல எண்ணெயில் நன்றாகக் கரையக்கூடியவை. மணத்தோடு சேர்ந்து அவையும் இறங்கும். உங்கள் வீட்டுச் செடிப் பூ, அல்லது மருந்தடிக்காத தோட்டத்துப் பூதான் உகந்தது.

வேர், பட்டை, இலைக்குப் பூவைப் போல மாற்றி மாற்றி வைக்கும் பாடு இல்லை. வெட்டிவேர், மரிக்கொழுந்து, கிச்சிலிக்கிழங்கு எல்லாம் காயவைத்தும் மணப்பவை. சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடிய நீரில் துவரும் விரையும் ஓமாலிகையுமாக எத்தனையோ வாசனைப் பொருள்கள் ஊறியிருந்தன. வெட்டிவேர் கடலூர்க் கடலோர மணற்பாங்கில் பயிராகிறது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது ஒரு வேரை ஒடித்து முகர்ந்து பாருங்கள். மணமே வராத வேர், தைலம் இறக்கிய சக்கையாக இருக்கலாம்.

கேள்வி: கடையில் ‘ஜாஸ்மின் எசென்ஷியல் ஆயில்’ என்று சிறு சீசா 100 ரூபாய்க்குத் தருகிறார்கள். அது அசலா?

பதில்: இல்லை. கணக்குப் பாருங்கள். பிச்சிப்பூவில் கிடைக்கும் கான்கிரீட், பூ எடையில் ஏறத்தாழ 0.3 சதவீதம், குண்டுமல்லியில் அதைவிடக் குறைவு. அதில் ஏறக்குறையப் பாதிதான் அப்சல்யூட். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு 600, 700 கிலோ பிச்சிப்பூவாவது வேண்டும். அதை 100 ரூபாய்ச் சீசாவில் எவராலும் தர முடியாது. அந்தச் சீசாவில் இருப்பது பெரும்பாலும் பென்சைல் அசிட்டேட் போன்ற செயற்கைப் பொருள்களின் கலவை. அவற்றையும் முறையாகப் பயன்படுத்தலாம். பூவின் பெயரில் விற்பதுதான் தவறு. நல்ல லேபிளில் தாவரப் பெயரும், எடுத்த முறையும் இருக்கும். அச்சுத் தொழிலுக்குப் பெயர் போன சிவகாசிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, லேபிளின் பளபளப்பை நம்பக் கூடாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஹெக்சேனோ ஸ்பிரிட்டோ வாங்கி நானே எடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஹெக்சேன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய் அடுத்த அறை அடுப்பில்கூடப் பற்றும். ஒரு பொறி என்ன செய்யும் என்பது பட்டாசு வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்பிரிட் வாங்க அரசு உரிமம் தேவை. அதற்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் மலிவுக் கரைப்பான்களில் மெத்தனால் இருக்கலாம். அது கண்பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடிய விஷம். எண்ணெயில் செய்த வாசனையை மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தடவி, ஒரு நாள் பொறுத்து, தோல் தடிக்கவில்லை என்றால் மட்டும் பூசிக்கொள்ளுங்கள். கருநிறச் சீசாவில், வெயில் படாமல் வைத்து, சிக்குவாடை வருமுன் தீர்த்துவிடுங்கள்.